வாசல் விளக்கு எரிகிறதா? ஹாலோவீன் கேள்வி பதில்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து ஹாலோவீன் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டோம். 2026இல் அக்டோபர் 31 சனிக்கிழமை. மறுநாள் அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கிப் போகிறது. அடுத்த ஞாயிறு, நவம்பர் 8, தீபாவளி. இரண்டுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டிய வாரம் அது.

கே: ஜூனில்தான் சென்னையிலிருந்து வந்தோம். மகனுக்கு 5 வயது, மகளுக்கு 8. ஹாலோவீனுக்கு என்ன செய்வார்கள், எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

ப: பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்பார்கள். வீட்டுக்காரர் மிட்டாய் தருவார். எங்கும் எழுதி வைக்காத ஒரு விதி உண்டு: வாசல் விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டுமே போக வேண்டும். விளக்கு அணைந்திருந்தால் அந்த வீட்டார் கலந்துகொள்ளவில்லை, மணியை அடிக்கக் கூடாது. உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் நீங்களும் விளக்கை அணைத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்பது, நன்றி சொல்வது, அடுத்தவர் புல்தரையை மிதிக்காமல் பாதை வழியாகப் போவது, இவ்வளவுதான் மரியாதை.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். ஒஹாயோவில் பல ஊர் நிர்வாகங்கள் நாளையும் மணியையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. உங்கள் ஊரின் இணையதளத்தை அக்டோபர் நடுவில் ஒரு முறை பாருங்கள். நியூ ஜெர்சியில் அன்று சூரியன் மறைவது ஏறக்குறைய 5:55க்கு. ஐந்து வயதுப் பையனை 5 மணிக்குக் கூட்டிக்கொண்டு போய் 6:15க்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மகள் இன்னும் போக வேண்டும் என்றால் பெரியவர் ஒருவர் அவளை மட்டும் இன்னொரு சுற்று அழைத்துப் போகலாம்.

முதல் தடவை போகிறவர்கள் கோட்டை விடுவது இரண்டு இடங்களில். ஒன்று சாப்பாடு. 4:15 மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பசியோடு கிளம்பிய பிள்ளை மூன்றாவது வீட்டிலேயே மிட்டாயைப் பிரிக்கக் கேட்கும். இன்னொன்று கழிப்பறை. முதுகில் ஜிப் வைத்த முழு உடலுக்கான உடையைப் போட்ட பிறகு அவசரம் வந்தால் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான். பையின் அளவையும் கவனியுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பை கொடுத்தால் அது தரையில் இழுபட்டுக் காலைத் தட்டும்.

கே: இணையத்தில் வாங்கிய காஸ்ட்யூம் மெல்லிய வலைத்துணியாக இருக்கிறது. தீப்பிடிக்காது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி ஆண்டாளாக அனுப்பலாமா என்றும் யோசிக்கிறோம்.
– வாசகி, ஆஸ்டின், டெக்சஸ்

ப: தைத்திருக்கும் சீட்டில் ‘ஃப்ளேம் ரெசிஸ்டன்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது தீயே பற்றாது என்ற உத்தரவாதம் இல்லை. எளிதில் பற்றாது, பற்றினாலும் தீக்கு அப்பால் எடுத்ததும் சீக்கிரம் அணையும் என்பதே அதன் பொருள். சீட்டு இல்லை என்றால் துணியையும் தையலையும் வைத்து முடிவு செய்யுங்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் நைலான், பாலியஸ்டர் துணிகளைப் பரிந்துரைக்கிறது. மெல்லிய பருத்தி, வலைத்துணி, பஞ்சு போல நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத் துணி ஆகியவற்றில் காற்று புகும் இடம் அதிகம் என்பதால் வேகமாக எரியும். அதைவிட முக்கியம் தையல்: தொங்கும் சட்டைக் கை, விரிந்த பாவாடை, தோளிலிருந்து இழுபடும் அங்கி. இவைதான் வாசல்படியில் வைத்த மெழுகுவத்தியின் மேல் உரசும்.

நம் வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தீபாவளி நெருங்கும் வாரம் என்பதால் வாசலில் அகல் ஏற்றுவோம். ஹாலோவீன் மாலை மட்டும் அதை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வாசலுக்கு எல்இடி விளக்கு போதும். படியில் வரிசையாக எரியும் அகல், முகமூடி போட்ட நான்கு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது.

ஆண்டாள் வேடம் தாராளமாகப் போடலாம். பாவாடையின் விளிம்பு கணுக்காலுக்கு மேல் இருக்கும்படி உள்பக்கம் மடித்துத் தையுங்கள். ஊசியால் குத்தி வைத்தால் நடக்க நடக்க அவிழும். பூமாலையைக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடாமல், இழுத்தால் பிரிந்துவிடும்படி வெல்க்ரோவால் ஒட்டுங்கள். காலில் அன்றாடம் போடும் ஷூ. கொலுசும் செருப்பும் புகைப்படத்துக்கு மட்டும்.

குளிர் ஊர்க்காரர்கள் உடையை ஓர் அளவு பெரியதாக வாங்கி உள்ளே தெர்மல் என்ற கதகதப்பான உள்ளாடை போடுவது வழக்கம். அதில் அகலம் சரியாகிவிடும், நீளம் சரியாகாது. எனவே 2 வாரம் முன்பே தெர்மலோடு, ஷூவோடு, பையையும் கையில் கொடுத்து வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். தடுக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும்.

இருட்டில் தெரிவதற்கு ஒளி பிரதிபலிக்கும் டேப்பை முன்னும் பின்னும் பையிலும் ஒட்டுங்கள். ரோமத் துணியில் பசை நிற்காது, நாலு தையல் போட வேண்டும். இஸ்திரி போட்டு ஒட்டும் வகையை நைலான் மேல் வைத்தால் துணி உருகிவிடும்.

கே: முகமூடியா, முகத்தில் வண்ணமா? ஊரிலிருந்து கொண்டுவந்த கண்மையால் மீசை வரைந்தால் போதாதா?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

ப: முகமூடி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கண் துளை பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். வலப்பக்கம் வரும் கார் பிள்ளைக்குத் தெரியாது. முகமூடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கதவருகில் போட்டுக்கொண்டு நடக்கும்போது தலைமேல் தூக்கிவிடச் சொல்லுங்கள்.

கண்மை வேண்டாம். காஜல், சுர்மா வகைகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவற்றை அழகுசாதன நிறமியாக அனுமதிப்பதில்லை. மேலுதட்டில் தீட்டிய மை மிட்டாயோடு சேர்ந்து நேராக வாய்க்குள் போகும். முகத்துக்கென்றே விற்கும் வண்ணத்தை வாங்கி, ஓரிரு நாள் முன்பே முழங்கையின் உட்பக்கம் சிறு பொட்டாக வைத்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதை ஒதுக்கிவிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் போடலாம் என்று சீட்டில் எழுதியிருந்தால் தவிர கண்ணருகே தீட்டாதீர்கள். இரவு படுக்கும் முன் கழுவிவிட வேண்டும்.

பூனைக்கண் போலத் தெரியும் அலங்கார லென்ஸ் கேட்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு: அமெரிக்கச் சட்டத்தில் அது மருத்துவச் சாதனம், கண் மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பதே குற்றம். அளவு பொருந்தாத லென்ஸ் கருவிழியைக் கீறி, புண் வைத்து, பார்வையையே கெடுக்கக்கூடும்.

கே: எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. காரில் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டே பிள்ளைகளை இறக்கிவிடலாமா?
– வாசகர், கேரி, வட கரோலினா

ப: கூடாது. ஹாலோவீன் இரவில் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து கார்தான். 1975 முதல் 2016 வரை 42 ஹாலோவீன் மாலைகளை, ஒரு வாரம் முந்தைய, பிந்தைய மாலைகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்தது. பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் அன்று 43 சதவீதம் கூடுதல். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கோ பத்து மடங்கு. அபாயம் உச்சத்தில் இருப்பது ஆறு மணி வாக்கில். வேலை முடிந்து கார்கள் வீடு திரும்புவதும், வெளிச்சம் குறைவதும், பிள்ளைகள் தெருவில் நிரம்புவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நீங்கள் காரில் பின்தொடர்ந்தால் அந்த நெரிசலில் இன்னொரு கார் சேர்கிறது. உங்கள் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைப் பிள்ளைகளிடமிருந்து திருப்பியும் விடும்.

நடைபாதை உள்ள பக்கத்துக் குடியிருப்புக்குக் காரில் போய், ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. அதுவும் முடியாதென்றால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பெரியவர் டார்ச்சோடு முன்னால் நடக்கட்டும்.

பாதையைத் திட்டமிடுவதில் ஒரே ஒரு சூத்திரம்தான்: தெருவின் ஒரு பக்க வீடுகளை முழுதாக முடித்த பிறகே, மூலையில், ஒரே ஒரு தடவை கடக்க வேண்டும். எதிர்வீட்டில் பெரிய சாக்லேட் தருகிறார்கள் என்று குறுக்கே ஓடுவதும், நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து வெளிப்படுவதும்தான் விபத்தில் முடிகின்றன. ஓட்டுநருக்குக் குழந்தையின் தலை பானெட்டுக்கு மேல் தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது. வீட்டு டிரைவ்வேயில் பின்னோக்கி வரும் காரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பின்பக்க வெள்ளை விளக்கு எரிந்தால் நின்றுவிட வேண்டும்.

அன்று மாலை கார் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடப் பாருங்கள். பலருக்கும் இது மிட்டாய் வாங்குவதைவிடக் கடினம் என்று தெரியும். இருந்தாலும் அலுவலகத்தில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்கலாம். 2026இல் சனிக்கிழமை என்பதால் அந்தச் சாக்குக்கும் இடமில்லை.

கே: மிட்டாயில் விஷம், ஊசி, பிளேடு என்று ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸப்பில் வருகிறது. வாங்கிவருவதை எல்லாம் கொட்டிவிட்டுக் கடையில் வாங்கியதையே தரலாமா?
– வாசகி, சன்னிவேல், கலிபோர்னியா

ப: கொட்ட வேண்டாம். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தேடித் தொகுத்திருக்கிறார். அந்நியர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ கடுமையாகக் காயமடைந்ததாகவோ உறுதியான ஒரு நிகழ்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் எடுத்துக்காட்டும் 1974 டெக்சஸ் கொலையில், சயனைடு கலந்த மிட்டாயைக் கொடுத்தவர் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன். 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

எனவே பத்து நிமிடப் பரிசோதனை போதும். வீட்டுக்கு வந்து நல்ல வெளிச்சத்தில் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். உறை கிழிந்தது, திறந்து மூடியது, உறையே இல்லாதது, தெரியாதவர் வீட்டில் செய்தது ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். நான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை இருந்தால் கடினமான உருண்டை மிட்டாய், கடலை, பாப்கார்ன், சூயிங்கம், மார்ஷ்மெல்லோ எல்லாமே தொண்டையில் அடைக்கக்கூடியவை. அவற்றை உயரத்தில் வையுங்கள்.

பிளேடைவிட நிஜமான கவலை, கஞ்சா கலந்த கம்மி எனும் ஜெல்லி மிட்டாய்கள். அது சட்டபூர்வமான மாநிலங்களில் பெரியவர்கள் வாங்கி வீட்டில் வைத்திருப்பதைச் சாதாரண மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள். விருந்துக்குப் போகும் வீட்டிலும் இது நேரலாம். தின்ற உடனே ஒன்றும் தெரியாது. நேரம் கழித்துத்தான் அளவுக்கு மீறிய தூக்கம், தள்ளாட்டம், மூச்சு மெதுவாவது எல்லாம் தொடங்கும். சந்தேகம் வந்ததும் அறிகுறிக்குக் காத்திராமல் விஷ உதவி எண் 1-800-222-1222ஐ அழையுங்கள். நாள் முழுவதும் இலவசம். பிள்ளையை எழுப்ப முடியவில்லை, மூச்சு சரியில்லை என்றால் 911.

கே: ஏழு வயது மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. போன வருடம் வீட்டிலேயே வைத்துவிட்டோம், அழுது தீர்த்தான். இந்த முறை அனுப்ப வழி உண்டா?
– வாசகி, பெல்வ்யூ, வாஷிங்டன்

ப: உண்டு. விதி ஒன்றே: வீட்டுக்கு வந்து நீங்கள் பார்க்கும்வரை, வெளியே வாங்கியது ஒன்றும் வாயில் போகக் கூடாது. அந்த விதி நிற்க வேண்டுமென்றால் வீட்டில் ஒரு ‘மாற்றுக் கூடை’ தயாராக இருக்க வேண்டும். அவன் கொண்டுவரும் ஆகாத மிட்டாய் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் முன்பே சீட்டு படித்து வாங்கிய ஒன்று. எண்ணிக்கை குறையாது என்று தெரிந்தால் பையனே பிரித்துக் கொடுப்பான். கிளம்பும்போது சட்டைப்பையில் பாதுகாப்பான மிட்டாய் இரண்டு போட்டு அனுப்புங்கள். மற்றவர்கள் வழியில் தின்னும்போது அவனும் தின்னலாம்.

சீட்டு படிப்பதில் மூன்று பொறிகள். முதலாவது: ஹாலோவீன் குட்டி அளவுகளில் தனித்தனி உறையில் பெரும்பாலும் உட்பொருள் பட்டியல் இருக்காது, வெளிப்பையில்தான் இருக்கும். அந்தப் பை உங்களிடம் இல்லை. பட்டியல் தெரியாததை ஆகாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது: பெரிய அளவில் ஆபத்தில்லாத அதே மிட்டாய், குட்டி அளவில் வேறு ஆலையில் வேறு பொருள்களோடு தயாராகலாம். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. ‘கடலை இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை வாசகத்தை அமெரிக்காவில் அச்சிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது நிறுவனத்தின் விருப்பம். வாசகம் இல்லாததால் கலப்பே இல்லை என்று ஆகிவிடாது. எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள்.

கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசி இரண்டைக் கூடவே வரும் பெரியவர் கையில் எடுத்துப்போக வேண்டும். காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், குளிரும் சூடும் மருந்தைக் கெடுக்கும். உதடு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தியோடு உடம்பெல்லாம் தடிப்பு என்றால் முதலில் ஊசி, அடுத்து 911. ஒவ்வாமை மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்தாகும் தவறு.

நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி வாசலில் இருந்தால் அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும். டென்னசியில் 2012இல் உள்ளூர்க் குழு ஒன்று தொடங்கியதை உணவு ஒவ்வாமைக்கான ‘ஃபேர்’ அமைப்பு 2014இல் நாடு முழுவதும் கொண்டுபோனது. நீங்களும் ஒன்று வைக்கலாம். பென்சில், ஒட்டுப்படம், ஒளிரும் வளையல் கொடுங்கள். ப்ளே-டோ என்ற விளையாட்டு மாவு மட்டும் வேண்டாம், அதில் கோதுமை இருக்கிறது.

கே: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. எவற்றை எடுத்துவிட வேண்டும்?
– வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

ப: ‘ஜெலட்டின்’ என்ற சொல்லைத் தேடுங்கள், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஹரிபோ கரடிகள், அமெரிக்க ஸ்டார்பர்ஸ்ட், மார்ஷ்மெல்லோ, பிராக்ஸ் கேண்டி கார்ன் எல்லாவற்றிலும் உண்டு. கேண்டி கார்னில் எள் எண்ணெயும் இருக்கிறது, மேலே ஒவ்வாமை பற்றிக் கேட்டவர்களுக்கும் இது பயன்படும். ஸ்னிக்கர்ஸ், மில்கி வே, 3 மஸ்கெட்டியர்ஸ் மூன்றிலும் முட்டையின் வெள்ளைக்கரு. சாக்லேட்டுக்குள் முட்டை இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது, பலர் ஏமாறுவது இங்கேதான். சிவப்பு நிறத்துக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் ‘கார்மைன்’, பளபளப்புக்கு ‘கன்ஃபெக்ஷனர்ஸ் க்ளேஸ்’ என்று போடப்படும் அரக்கு, இவற்றைத் தவிர்ப்பதா என்பது உங்கள் வீட்டு முடிவு. சாதாரண ஹெர்ஷீஸ் பால் சாக்லேட், ஸ்கிட்டில்ஸ், சோர் பேட்ச் கிட்ஸ் மூன்றிலும் ஜெலட்டினோ முட்டையோ இல்லை. செய்முறையை நிறுவனங்கள் மாற்றக்கூடும், ஆண்டுக்கு ஒரு முறை சீட்டைப் படித்துவிடுங்கள்.

கே: எத்தனை மிட்டாய் வாங்குவது?
– வாசகர், ஆல்ஃபாரெட்டா, ஜார்ஜியா

ப: பக்கத்து வீட்டில் ‘போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள்’ என்று கேட்பதே சிறந்த கணக்கு. கேட்க முடியாவிட்டால்: சுறுசுறுப்பான தெருவில் 4 நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு 3 பிள்ளைகள், இரண்டு மணி நேரத்துக்கு 90 பேர். ஆளுக்கு ஒன்று, கூடவே ஒரு 20. முதலில் இரண்டிரண்டாக அள்ளிக் கொடுத்துவிட்டு ஏழு மணிக்கே விளக்கை அணைப்பவர்கள் அதிகம். கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டுப் போனால் முதலில் வரும் குழுவோடு காலியாகிவிடும். வேறு வழியில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.

கே: முகம் வெட்டி உள்ளே விளக்கு வைக்கும் ஹாலோவீன் பூசணியைச் செதுக்குவதில் ஒவ்வொரு முறையும் ஏதாவது தவறுகிறது. மூன்றாம் நாளே பூஞ்சை, மூடி உள்ளே விழுகிறது, கையிலும் காயம். சரியான முறை என்ன?
– வாசகர், சுகர்லேண்ட், டெக்சஸ்

ப: மூன்று பிரச்சினைக்கும் மூன்று வேறு காரணங்கள்.

காயத்துக்குக் காரணம் சமையலறைக் கத்தி. தோல் வழுக்கும், உள்ளே சதை கத்தியைக் கவ்விக்கொள்ளும். பலம் கொடுத்து இழுக்கும்போது சட்டென்று விடுபட்டு மறுகையில் இறங்கும். பூசணிக்கென்றே விற்கும் ரம்பப் பல் கருவியை வாங்குங்கள். அது மழுங்கலாகத் தோன்றினாலும் முன்னும் பின்னுமாகச் சிறு இழுப்புகளில் அறுக்கும், தள்ள வேண்டியதில்லை. கையும் மேசையும் ஈரமில்லாமல் இருக்கட்டும். பிள்ளைகள் மார்க்கரால் முகம் வரையட்டும், விதை அள்ளட்டும். அறுப்பது பெரியவர் வேலை. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம், உடனே மருத்துவமனை.

மூடி விழுவதற்குக் காரணம் நேராக வெட்டுவது. கருவியின் முனை பூசணியின் நடுவை நோக்கும்படி சாய்த்து வெட்டினால் மூடி தட்டுப் போல உட்காரும். எங்களைக் கேட்டால் மேலே வெட்டவே வேண்டாம். அடியிலோ பின்பக்கத்திலோ ஓட்டை போட்டால் சுருங்கி விழ மூடியே இருக்காது, விளக்கு வைப்பதும் சுலபம். முகம் வரும் பக்கத்துச் சுவரை உள்ளிருந்து சுரண்டி ஓர் அங்குலத் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் தடித்தால் அறுக்க முடியாது, மிக மெலிந்தால் இரண்டாம் நாளே முகம் உள்ளே மடங்கும். சின்னக் கண்களை முதலில், பெரிய வாயைக் கடைசியில் அறுங்கள். வாயை முதலில் திறந்தால் சுவர் பலமிழந்துவிடும்.

பூஞ்சைக்குக் காரணம் டெக்சஸ் வெயிலும் உங்கள் அவசரமும். வெட்டிய பூசணி வெட்டிய காய்தான். 29ஆம் தேதிக்கு முன் வெட்டாதீர்கள். செதுக்கியபின் ஒரு காலன் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்த தண்ணீரால் உள்ளும் புறமும் துடைத்துக் காயவிடுங்கள். பகலில் நிழலில் வையுங்கள், குளிர்பெட்டியில் இடமிருந்தால் அங்கே வையுங்கள். மாதம் முழுக்க வாசலில் பூசணி வேண்டும் என்றால் வெட்டாமல் வண்ணம் பூசுங்கள், வாரக்கணக்கில் நிற்கும்.

ப்ளீச் பட்டதைச் சமைக்க வேண்டாம். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய வகை நீர்த்து, நாராக இருக்கும், கூட்டு வைத்தாலும் சப்பென்றிருக்கும். விதையை முதலிலேயே எடுத்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசிறி 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 30 முதல் 40 நிமிடம் வறுத்தால் தின்னலாம். நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்கள்.

கே: எல்இடி விளக்கின் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால்?
– வாசகி, ட்ராய், மிச்சிகன்

ப: வயிற்றில் போய்த் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள். வழியில் பேட்டரி உதவி எண் 800-498-8666ஐ அழையுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு தடவை. இதற்காக வீட்டில் தங்கிவிடக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வேறு உணவு தராதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

விளக்கு வாங்கும்போது பேட்டரி மூடியில் திருகு இருக்கிறதா பாருங்கள். ‘ரீசஸ் லா’ என்ற 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறு பிள்ளைகள் திறக்க முடியாதபடி மூடி இருக்க வேண்டும். பழைய அலங்காரங்களிலும் மலிவுக் கடைச் சரக்கிலும் நகத்தாலேயே திறக்கும் மூடிகள் உண்டு. அவற்றைத் தூக்கிப் போடுங்கள்.

கே: எங்கள் தமிழ்ப் பள்ளியில் வாகன நிறுத்துமிடத்தில் ‘ட்ரங்க் ஆர் ட்ரீட்’ நடத்த நினைக்கிறோம். சுமார் 70 பிள்ளைகள், 20 கார்கள். எப்படி ஒழுங்குபடுத்துவது?
– தன்னார்வலர், பென்சில்வேனியா

ப: கார்களை நிறுத்தி, டிக்கியை அலங்கரித்து, பிள்ளைகள் ஒவ்வொரு டிக்கியாக நடந்து வாங்கிக்கொள்ளும் இந்த முறை உங்களுக்குப் பொருத்தமானதுதான். நிகழ்ச்சி நடக்கும்போது ஒரு கார்கூட நகரக் கூடாது. மற்ற ஏற்பாடெல்லாம் அதற்காகத்தான்.

இடத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், காப்பீட்டுச் சான்று கேட்பார்களா என்று அப்போதே விசாரியுங்கள். மாலை 4 மணிக்குத் தொடக்கம் என்றால் அலங்காரக் கார்கள் 3:30க்குள் உள்ளே வந்து, டிக்கி நடுவைப் பார்த்திருக்கும்படி லாட வடிவில் நின்று, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டுவிட வேண்டும். 3:30க்குப் பின் வருபவர் யாராக இருந்தாலும், சங்கத் தலைவரே ஆனாலும், வெளியே நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். இந்த இடத்தில் தாட்சண்யம் பார்த்தால் மொத்த ஏற்பாடும் வீண். கார்களுக்கு நடுவே ஒரு கட்டம் காலியாக விடுங்கள், பிள்ளைகள் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். தீயணைப்பு வண்டிப் பாதையை அடைக்காதீர்கள். பெற்றோரின் கார்களுக்குத் தனி இடம் ஒதுக்கி, அங்கிருந்து நடந்து வரும் வழியில் ஒளிரும் அங்கி போட்ட இரண்டு பேரை நிறுத்துங்கள். முடிவு 5:30, இருட்டுவதற்கு முன். எல்லாப் பிள்ளைகளும் வெளியேறியதை ஒருவர் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்ன பிறகே முதல் கார் கிளம்பலாம்.

வரிசை தேங்குவதுதான் அடுத்த தலைவலி. ஒரு காரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 30 வினாடி என்றால் 70 பிள்ளைகள் 35 நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். யாரோ ஆர்வக்கோளாறில் இரண்டு நிமிட விளையாட்டு வைத்தால் அந்த ஒரு காருக்கே 140 நிமிடம். விளையாட்டுகளை வரிசைக்கு வெளியே, கடைசியில் வையுங்கள். பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வெவ்வேறு காரில் தொடங்கச் சொன்னால் முதல் காரில் கூட்டம் சேராது.

ஒவ்வொரு காரும் 80 பொட்டலம் கொண்டுவர வேண்டும் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள். கொடுப்பவர் வெளிப்பையைக் காரிலேயே வைத்திருக்கட்டும், யாராவது உட்பொருள் கேட்டால் காட்டலாம். மெழுகுவத்தி, ஜெனரேட்டர் இரண்டுக்கும் தடை. தொலைந்த பிள்ளை வந்து நிற்கும் இடம் எது என்று முதலிலேயே அறிவித்து, சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டுப் பட்டையில் பெற்றோர் கைப்பேசி எண்ணை எழுதிவிடுங்கள்.

கே: 12 வயது மகள் தோழிகளோடு தனியாகப் போகிறேன் என்கிறாள்.
– வாசகி, ஆஷ்பர்ன், வர்ஜினியா

ப: பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் வேண்டாம் என்போம். அவளுக்கு அந்த வயது ஆகிவிட்டது, தெரு பழகியது, தோழிகள் மூன்று நான்கு பேர் என்றால் விடலாம். எந்தெந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று தாளில் எழுதி வாங்குங்கள். கைப்பேசி முழுதாக சார்ஜ் ஆகியிருக்கட்டும், இருக்குமிடத்தைப் பகிர்வதும் இயக்கத்தில் இருக்கட்டும். நடக்கும்போது திரையைப் பார்க்கக் கூடாது. யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. கூட்டத்திலிருந்து ஒருத்தி விலகினால் எல்லோரும் திரும்ப வேண்டும். வயது வரம்பு வைத்த ஊர்களும் உண்டு. உங்கள் மாநிலத்துச் செசப்பீக் நகரில் 14 வயதுவரைதான்.

கே: நாய்க்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கும் எது ஆகாது?
– வாசகர், சான் ஹோசே, கலிபோர்னியா

ப: நாய்க்குச் சாக்லேட், உலர்திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி போட்ட சர்க்கரையில்லாச் சூயிங்கம் மூன்றும் விஷம். கதவு திறந்து மூடும் மாலை முழுவதும் உள்ளறையில் கட்டிப்போடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கூடையை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கறுப்பு லிக்கோரைஸ் மிட்டாய் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அதிமதுரத்திலிருந்து வரும் கிளிசரைசின் உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். 40 வயதைத் தாண்டியவர்கள் தினம் 2 அவுன்ஸ் வீதம் இரண்டு வாரம் தின்றால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம் என்று உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் அதைத் தொடாமலே இருக்கட்டும்.

கே: இரண்டு கிலோ மிட்டாய் வந்து சேர்ந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, நாஷ்வில், டென்னசி

ப: அன்று இரவு பிள்ளை தேர்ந்தெடுத்த நான்கைந்தைத் தின்னட்டும், பல் தேய்த்துவிட்டுப் படுக்கட்டும். மறுநாளிலிருந்து சாப்பாட்டை ஒட்டி ஒன்றோ இரண்டோ. சொத்தை விஷயத்தில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். நாள் முழுக்கக் கொறிப்பதால்தான் பல் கெடுகிறது. பல்லில் ஒட்டும் புளிப்புக் கம்மிகளை முதலில் குறையுங்கள், சாக்லேட் சீக்கிரம் கரைந்து போய்விடும். மீதியை மூடி போட்ட டப்பாவில், சமையலறையில், எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். படுக்கையறையில் வைத்தால் டப்பா காலியான பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். சில பல் மருத்துவர்கள் மிட்டாயை எடைக்கு வாங்கிக்கொள்வார்கள், நவம்பர் முதல் வாரத்தில் கேட்டுப் பாருங்கள்.